ஒட்டக் கூடாத கதவு

1

போன வாரம் மேல்மாடிக்காரர் வந்தார். குழாய்க் கசிவைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிய புகாரில் எல்லாக் குடித்தனக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகும் போகாமல் எங்கள் கூடத்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அலமாரியில் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. ஒரு சாண் நீளம். இரண்டு கதவு வைத்த, பழைய காலத்து கார். கடையில் பொம்மையாக வாங்கியதில்லை. துண்டு துண்டாக டப்பாவில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை நானே வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்துச் செய்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் அன்றைக்கு ஓட்டுநர் பக்கத்துக் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் விளிம்பு பிசிறு பிசிறாக நின்றது.

"பாகம் தொலைந்துவிட்டதா? தயாரித்த கம்பெனிக்கு எழுதினால் அனுப்புவார்கள். அதற்கென்று ஒரு படிவம் உண்டு" என்றார். இந்த நாட்டில் எதற்குத்தான் படிவம் இல்லை. இல்லை, நான்தான் பிய்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அதற்கு நான் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் ஜெர்மன் அவ்வளவு தூரம் போகாது. சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். உங்களில் சிலர் அந்தப் பக்கத்து ஆட்கள். மற்றவர்களும் தீபாவளிக்கு வாங்கிய டப்பாவின் ஓரத்தில் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் படித்திருப்பீர்கள்.

2

எங்களுக்கு நாரணாபுரம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். வெடிக்குள் அடைக்கும் கலவைக்கு எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் பெயர். முதலாளி வீட்டுப் பையனுக்குச் சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒரு கார் டப்பா வாங்கி வந்திருக்கிறார்கள். மேலே அட்டையில் கார் படம் போட்டிருக்கிறது, உள்ளே திறந்தால் கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் கத்திரிக்காய் காய்த்த மாதிரி சின்னச் சின்னப் பாகங்கள். பையன் கோபத்தில் தூக்கி எறிய, அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணன் காளிராஜும் நானும் ஒரு கோடை விடுமுறை பூராவும் அதோடு கிடந்தோம். எங்களிடம் இருந்தது சவர பிளேடும், தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசையும்தான். பசையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கூழாகிவிடும். அப்படித்தான் பின்சக்கரம் ஒன்று போனது. அண்ணனுக்குக் கை நடுங்காது. எனக்கு அவனைவிட நாலு வயது குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு.

டப்பாவில் இருந்த செய்முறைத் தாளில் கதவுகளை உடம்போடு ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருந்தது. அண்ணன் முடியாது என்றுவிட்டான்.

"கதவு தெறக்கணும்லே. திடீர்னு ஒண்ணுன்னா உள்ள இருக்கவன் எப்படி ஓடுவான்?"

உள்ளே எவனும் இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இயல்பான கேள்வி. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் எதிரும் புதிருமாகக் கதவு இருக்கும். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நடக்கும்போது பூட்டக் கூடாது, முன்னால் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. தீப்பொறி தெரிந்தால் அணைக்க நிற்காதே, ஓடு. இதுதான் பாடம். அப்பா இதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். வாசலில் செருப்புக் குறுக்கே கிடந்தால்கூட தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்.

அதனால் அண்ணன் எரிந்துபோன மோட்டாரிலிருந்து மெல்லிய செம்புக் கம்பியை உருவி, கதவுக்குக் கீல் செய்தான். இரும்புக் கம்பி வேண்டாம், உரசினால் பொறி பறக்கும் என்றான். பிளாஸ்டிக் காருக்கு.

வர்ணத்துக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, அண்ணன் வயதுக்காரி, விருதுநகர் பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடையில் ஒரு சீசா நகப்பூச்சு வாங்கி வைத்திருந்தாள். நல்ல ரத்தச் சிவப்பு. விரலுக்கு இன்னும் போடவேயில்லை. அண்ணன் என்ன பேசினானோ, கொடுத்துவிட்டாள். கூரைக்கும் முன்மூக்குக்கும் அடிப்பதற்குள் சீசா தீர்ந்துவிட்டது. காலிச் சீசாவைப் பார்த்து அழுதாள். பிறகு காரில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டு, தினமும் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போவாள்.

3

நான் பாலிடெக்னிக் முடித்து, சென்னை போய், அங்கிருந்து இந்த ஊருக்கு வந்தேன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சின்ன ஊர். பம்பு செய்யும் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. மனைவி சாந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் கயல் இங்கேயே பிறந்தவள், பள்ளி முடிக்கப் போகிறாள்.

வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் அப்பாவின் தொழில் கேட்டார்கள். மருந்து கலக்கிறவர் என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மாள் மரியாதையாகத் தலையாட்டி, மருந்தாளுநர் என்று எழுதிக்கொண்டார். திருத்தப் போனால் இன்னொரு நாள் முன்பதிவு வாங்க வேண்டும். விட்டுவிட்டேன். பிறகு கயல் பள்ளியில் குடும்ப மரம் வரைந்தபோது தாத்தாவுக்கு நேராக அதையே எழுதினாள். உண்மையை விளக்கினேன். "அப்போ வெடிமருந்தா? அப்பா, அதை ஸ்கூல்ல சொல்ல முடியாது" என்றாள். மருந்தாளுநராகவே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள். எனக்கு மூக்கு விடைத்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் மாறிவிடும்.

கார் செய்வதற்கு நான் திரும்பியது ஒரு பழைய சாமான் சந்தையில். சாந்திக்குக் குக்கர் தேடிப் போன இடத்தில், பழைய புத்தகங்களுக்கு நடுவே அந்த டப்பா. அதே கார், அதே அட்டைப் படம். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். குக்கர் வாங்காமல் வந்ததற்குச் சாந்தி ஒரு வாரம் பேசினாள். "அம்பது வயசுல சொப்புச் சாமான் விளையாடுற ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

விளையாட்டில்லை. சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை வெட்ட வேண்டும், வெட்டின தழும்பு தெரியாமல் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், அடிப்பூச்சு பூச வேண்டும், காய விட வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் விரல் ரேகை வர்ணத்தில் அப்படியே பதிந்துவிடும். நாள் முழுவதும் யாரோ சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவனுக்கு, இப்படித் தன் இஷ்டத்துக்குக் காத்திருப்பதும் ஒரு சுகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீடியோவில் வருவான். அவன் இப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அப்பா மாதிரியே கண்டிப்பு. காரைப் போனுக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வான். பத்தாது, இன்னொரு கோட்டிங் கொடு என்பான். அவனுக்கும் ஒரு டப்பா வாங்கி, வர்ணக் குப்பிகளும் வைத்துப் பார்சல் அனுப்பினேன். எரியும் பொருள் என்று தீச்சுடர் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பெட்டி பெட்டியாக ஒட்டுகிற ஊர்க்காரனிடமே.

சிவப்பைச் சரியாகக் கொண்டுவரத்தான் ரொம்ப நாளானது. கடையில் விற்ற எந்தச் சிவப்பும் பேச்சியக்காவின் சிவப்பு இல்லை. மூன்று குப்பிகளைக் கலந்து, கடைசியில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டதும் வந்தது. அந்த ஞாயிறு பேச்சியக்காவே அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளும் அண்ணன் கம்பெனியில்தான் வேலை. பேரன் எடுத்துவிட்டாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இதே செவப்புத்தான். என் சீசாவக் காலி பண்ணுனதுக்கு இப்பவாச்சும் வாங்கியாரீகளா, இல்ல வெளிநாட்டுக்காரக மறந்துருவீகளா?"

"ரெண்டு சீசா வாங்கியாறேன்க்கா."

"கதவு எங்க? கதவ வைக்காம காட்டுதீக."

"அடுத்த வாரம்க்கா."

பின்னாலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, "ஒட்டிராதலே. கம்பிய வச்சுக் கட்டு" என்றான்.

4

அடுத்த சனிக்கிழமை காலை. சாந்தி வேலைக்குப் போய்விட்டாள். கயல் தன் அறையில். நான் சமையலறை மேஜையில் பழைய பேப்பரை விரித்து, கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

செம்புக் கம்பி நிற்கவில்லை. கதவைத் தூக்கினால் கம்பி நழுவுகிறது, கம்பியை இறுக்கினால் கதவு சிவப்பில் உரசுகிறது. புது வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடியோவில் பார்க்கிறவனுக்கு மூடின கதவும் ஒட்டின கதவும் ஒன்றுதானே என்று நினைத்தேன். மெல்லிய பசை ஒன்று இங்கே கிடைக்கிறது. இடுக்கில் தூரிகை நுனியை வைத்தால் தண்ணீர் மாதிரி தானே ஓடிப் பரவும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. இரண்டு கதவையும் ஒட்டினேன்.

தூரிகையைக் கழுவும்போது போன் சத்தம் கொடுத்தது. எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஒரு வீடியோ. வேலிக்கருவேலங்காட்டுக்கு மேல் வெள்ளைப் புகை. எடுத்தவன் ஓடிக்கொண்டே எடுத்திருக்கிறான். "கிட்டப் போகாதீகப்பா, இன்னும் வெடிக்குது" என்று ஒரு குரல். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்று மட்டும் கீழே போட்டிருந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ கம்பெனிகள். ஆனால் வீடியோவின் ஓரத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி வந்து போனது. ஆயுத பூஜைக்கு அண்ணன் அனுப்பிய படத்தில் அவன் நின்றது அந்தத் தொட்டிக்குக் கீழேதான்.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

வேறு ஊர்க்காரர்களுக்கு மணி போனால் ஆறுதலாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. போர்மேன் என்றாலும் வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். விபத்து நடந்தால் உயிரோடு இருக்கிறவன் ஓடிவந்து முதலில் எடுப்பது தன் போனைத்தான். போர்மேன் என்றால் எடுத்து உடனே அணைத்தும் விடுவான். ஏனென்றால் முதலில் வழக்குப் போடுவது முதலாளி மேலும் போர்மேன் மேலும். தலைமறைவானால்தான் வக்கீலைப் பார்க்க நேரம் கிடைக்கும். சரியா தப்பா என்பது வேறு, நடைமுறை இது. ஆகவே எங்கள் பக்கத்தில் மணி போகிறது என்றால், அந்தப் போன் இன்னும் காவல்காரர் கூடையில் கிடக்கிறது என்று அர்த்தம். எடுக்க ஆள் வரவில்லை.

மறுபடி அடித்தேன். மணி போனது.

5

நாரணாபுரத்தில் மதினிக்கு, அண்ணன் மனைவிக்கு, அடித்தேன். ஒரே மணியில் எடுத்தார்.

"தம்பி, அவுக கம்பெனிதான். பேன்சி வெடி பண்ற ரூம்புனு சொல்லுதாக. நான் வேன் பிடிச்சுப் போறேன்."

"அண்ணன் போன் மணி போகுது மதினி."

"எனக்கும் போகுது." வீட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "தம்பி, இனி நீங்க அடிக்காதீக. அந்தப் போனு பழைய போனு. சார்ஜு நிக்காது. நாம அடிச்சு அடிச்சு அது அணஞ்சிருச்சுன்னா, அவுக எடுத்து அணைச்சாகளா, தானா அணஞ்சுச்சான்னு தெரியாமப் போயிரும்."

சரி மதினி என்றேன். மதினி எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார். நானோ போனை வைத்த கையோடு மறுபடி அண்ணனுக்கு அடித்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. வேன் பிடிக்க முடியாது, வாசலில் போய் நிற்க முடியாது, காவல்காரரின் சட்டையைப் பிடிக்க முடியாது. கட்டை விரலால் ஒரு பெயரை அழுத்தலாம். அதையும் விட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அடித்தேன். மணி போனது. அடித்தேன்.

சத்தம் கேட்டு கயல் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவளுடைய மூளை இங்கே வளர்ந்த மூளை.

"போலீசுக்குப் போன் பண்ணலாம்ப்பா. காணோம்னு சொன்னா தேடுவாங்கல்ல?"

"அவங்க தேடத்தாம்மா போறாங்க. அகப்படாம இருக்கணும்."

"ஏன்? பெரியப்பா தப்பு ஏதாவது பண்ணாங்களா?"

"இல்லை" என்றேன் உடனே. "பெரியப்பா அப்படி ஆள் இல்லை."

மறுபடி அடித்தேன். இரண்டு மணி போய்ப் பாதியில் அறுந்தது, திரும்ப அடித்தால் மணி போகவில்லை. ஒரு பெண் குரல் வந்தது. நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கயல் பயந்துபோய், "எடுத்துட்டாங்களா?" என்றாள். இல்லை, அணைத்துவிட்டான் என்றேன். "அது நல்லதா?" நல்லது, ரொம்ப நல்லது என்று அவளுக்குக் கூடையையும் காவல்காரரையும் விளக்கிக்கொண்டிருந்தபோதே மதினி கூப்பிட்டார். பின்னால் வேன் இரைச்சல்.

"தம்பி, அணஞ்சிருச்சு. நீங்க அதுக்கப்புறம் அடிச்சீகளா?"

"ரெண்டு மூணு தடவ மதினி."

பொய். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. மதினிக்கு அது தெரிந்துவிட்டது. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கையில் இருந்த ஒரே அடையாளத்தை, இவ்வளவு தூரத்திலிருந்து நான் அழித்துவிட்டேன்.

கயல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையில் இருந்த காரைப் பார்த்தேன். இரண்டு கதவும் இறுக மூடியிருந்தன. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கூர்மையான கத்தியை எடுத்து ஓட்டுநர் பக்கத்துக் கதவின் இடுக்கில் குத்தினேன். நகரவில்லை. நெம்பினேன். வர்ணம் பொரிந்தது. கிறுக்குப் பிடித்தவன் மாதிரி இருந்திருப்பேன். கயல் எதிரே உட்கார்ந்து, காரின் உடம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கதவு இரண்டாக உடைந்து வந்தது.

6

மத்தியானம் சாந்தி வந்துவிட்டாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. அங்கே பொழுது சாய்கிற நேரத்தில் மதினி அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"பேச்சி போயிட்டா தம்பி. கூட ரெண்டு பொம்பளையாளுக."

"அண்ணன்?"

"அடிபட்டவகள்ல இல்ல. ஆனா ஒரு ஆம்பளையாள அடையாளம் தெரியலங்காக. என்னையப் பாக்கச் சொன்னாக. பாத்தேன். முகம் இல்ல தம்பி. காலப் பாத்தேன். அவுக காலு மாதிரி இல்ல. ஆனா சத்தியம் பண்ண முடியாது."

பேச்சியக்கா இறந்துபோன செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் பெயர் வரவில்லையே என்று மனது லேசானது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. அந்த அடையாளம் தெரியாத ஆளை வேறு யாரோ வந்து தம்முடையவர் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருந்தோம். இன்னொரு வீட்டில் இழவு விழ வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டேதான் காத்திருந்தோம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பம்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன்.

"ஏலே, நாந்தாம்."

உட்கார இடம் தேடினேன். கிடைக்காமல் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே. அடி ஏதும் இருக்கா?"

"முதுகுல கொஞ்சம் வெந்திருக்கு. அது கெடக்கு. உன் மதினி போனுக்கு நான் பேசல, போலீசு அத பாத்துக்கிட்டிருப்பாக. நீ சொல்லிரு, இருக்கேன்னு."

"போன நீதான் அணைச்சியாண்ணே?"

"ஆமா. எடுக்கைல உன் பேருதாம்லே அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அத அப்பிடியே அணைச்சேன்."

கையுறையைக் கழற்றினேன். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டான்: "காரு முடிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. கம்பி நிக்கல. நீ சொல்லியும் கேக்காம கதவ ஒட்டிட்டேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நானுந்தாம்லே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். ஆர்டர் அவசரம். செய்து முடித்த சரக்குப் பெட்டிகளைக் குடோனுக்கு ஏற்ற வண்டி வர வேண்டும், வரவில்லை. கோடை மழை இறங்குகிற மாதிரி வானம் இருண்டது. பெட்டிகளை வெளியே போட முடியாது.

"பின் கதவுக்கிட்ட அடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரந்தான, வண்டி வந்துரும்னு நெனச்சேன். முன் கதவுப் பக்கம் இருந்தவள்லாம் ஓடிட்டாளுக. பேச்சி பின் கதவுப் பக்கம் உக்காந்திருந்தா."

அப்பா செருப்புக்குச் சத்தம் போட்டது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போயிருதேன். முன்ஜாமீன் எடுக்கலாம், வண்டி வரலன்னு சொல்லலாம், மழன்னு சொல்லலாம்னு வக்கீல் சொல்லுதாராம். அடுக்கச் சொன்னது நானு. அதச் சொல்லணும்லலே."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். போ என்றும் சொல்ல முடியவில்லை. "சாப்பிட்டியாண்ணே?" என்றுதான் கேட்டேன்.

7

அண்ணன் சொன்னபடியே போனான். உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். வழக்கு நடக்கிறது. அடையாளம் தெரியாமல் கிடந்த அந்த ஆளையும் அவருடைய வீட்டார் வந்து வாங்கிப் போனார்களாம். கம்பெனிப் பக்கம் போவதில்லை. பேச்சியக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும் என்பதால் வீட்டை விட்டே அதிகம் இறங்குவதில்லை என்று மதினி சொன்னார். பேச்சியக்காவின் மகன் ஒரு தடவை வந்து, வாசலில் நின்று அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ நின்றுபோயிற்று. நான் கூப்பிட்டால் மதினிதான் எடுப்பார். "அவுக படுத்திருக்காக தம்பி" என்பார்.

பேச்சியக்காவுக்கு என்று வாங்கிய இரண்டு சீசா நகப்பூச்சு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சாந்தியோ கயலோ அதைத் தொடுவதில்லை. காரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பசையையும் கத்தியையும் எடுக்கவும் கை வரவில்லை. ஒரு கதவு இல்லாமலே அலமாரியில் ஏற்றி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் மேல்மாடிக்காரர் படிவம் பற்றிச் சொன்னார்.

அவர் வந்து போனதை நேற்று மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. திடீரென்று திரை ஆடியது. அண்ணன் போனை வாங்கியிருக்கிறான். முகம் சுருங்கிப் போயிருந்தது. தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"காட்டு" என்றான்.

அலமாரியிலிருந்து காரை எடுத்து வந்து காட்டினேன். கூரையை, முன்மூக்கை, பின்பக்கத்தை. எப்போதும் காட்டுவது போல மெல்லத் திருப்பினேன். கதவு இல்லாத பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கலரு அவ செவப்புத்தாம்லே" என்றான். பிறகு, "அந்தப் பக்கம் காட்டு."

திருப்பினேன். அங்கே கதவு ஒட்டினபடி, கோடுகூடத் தெரியாமல் மூடியிருந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதையும் எடுத்துரு."

கத்தி எடுக்க நான் எழுந்திருக்கும் முன் கயல் கொண்டு வந்துவிட்டாள். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து காரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் இடுக்கில் கத்தியை வைத்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கதவு கையோடு வரும்வரை அண்ணன் போனை வைக்கவில்லை.